ரவைக்குள் ரவை

மெல்பேர்ண் நகரில் வாழும் என் தங்கையின் மகன் சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். நலம் விசாரிப்பு முதல் இரண்டு வரிகளோடு முடிந்துவிட்டது. மூன்றாவது வரியில் விடயத்துக்கு வந்துவிட்டான். “மாமா, ரவைக்குள் ரவை போடுவது நல்லதா, இலவம்பஞ்சு போடுவது நல்லதா? ஊரில் உங்கட பெரியவாப்பா என்ன போட்டவர்?”

முதல் வாசிப்பில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி எழுதியவன் நான். ‘ரவை’ என்ற சொல்லை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ‘ரவைகள் மீட்பு’, ‘ரவைக்கோதுகள் கண்டெடுப்பு’, ‘நெற்றியில் ரவை பாய்ந்த நிலையில் சடலம்’ என்று எழுதி எழுதித் தேய்ந்த சொல் அது. அதே சொல்தான் காலையில் உப்புமாவுக்கு உம்மா வறுத்தெடுத்த தானியத்துக்கும் பெயர். நுண்ணிய துகளுக்கும் துவக்கில் இடும் சிறு உருண்டைக்கும் தமிழ் ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது. எனினும், ஒன்றுக்குள் மற்றதைப் போடலாம் என்று நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

மருமகன் அங்கே சட்டபூர்வமான ஒரு சுடுநர் கழகத்தில் சேர்ந்திருக்கிறான். கழகத்தார் பழங்காலத்து மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளை அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்து, அக்காலத்துக் கருமருந்துத் தோட்டாக்களைத் தாமே நிரப்பி, வார இறுதிகளில் இலக்குப் பலகையை நோக்கிச் சுடுகிறார்கள். யுத்தத்துக்குள் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்குத் துப்பாக்கி விளையாட்டாக அமைந்தது எப்படி என்று எனக்குள் ஒரு வருத்தம் எழுந்தது. அது வேறு கதை. ஆனால், அவன் கேட்ட கேள்விக்குப் பின்னால் இருந்த விடயத்தைத் தேடி வாசிக்கப் போய், என் தொழில் வாழ்வில் நான் செய்த ஒரு தவறில் வந்து முட்டிக்கொண்டேன். இப்பத்தி அதைப் பற்றியது.

விடயம் இதுதான். இன்றைய தோட்டாக்களில் இருப்பது புகையில்லா மருந்து. அதற்கு முந்தியது, நம்மூர் வாணவேடிக்கையிலும் காணப்படும் கருமருந்து. இரண்டின் குணமும் முற்றாக வேறானவை. கருமருந்தை நம்பிச் செய்யப்பட்ட பழைய தோட்டாக்கள் அனைத்தும் ஒரு விதியின்மேல் நிற்பவை: மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் வெற்றிடம் இருக்கக் கூடாது. கோது நிறைய மருந்து, அதன் தலையில் குண்டு. 1873 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டாவுக்கு ‘45-70’ என்று பெயர். முதல் எண் அங்குலத்தில் நூற்றுக்கு 45 என்ற குழலளவு, அடுத்தது எழுபது கிரெய்ன் மருந்து. மருந்தின் நிறையே தோட்டாவின் பெயராகிவிட்டது. நிரம்பிய கோதுதான் அக்கால வழமை.

வெற்றிடம் இருந்தால் என்னவாகும்? மருந்து பற்றியவுடன் எழும் வாயு வெற்றிடத்தைக் கடந்து பாய்ந்து, அசையாமல் நிற்கும் குண்டின் அடியில் மோதுகிறது. அந்த ஓரிடத்தில் அழுத்தம் திடீரென எகிறுகிறது. குண்டு முன்னேறத் தொடங்குமுன் அது ஓர் அடைப்பாகி விடுகிறது. நல்ல உருக்காயின் குழலில் மோதிரம் போட்டாற்போல ஒரு வீக்கம் விழும். பழுதான இரும்பாயின் குழல் பிளக்கும். மருந்து மிகுந்தால்தான் ஆபத்து என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம். மருந்து குறைந்து, குறைந்த இடம் வெறுமையாய் விடப்பட்டாலும் ஆபத்து என்பதை நான் ஐம்பது வயது கடந்த பின்னர்தான் அறிந்தேன்.

மருமகனின் சிக்கலும் அதுவே. நூற்றைம்பது வருடத்துப் பழைய இரும்பையும் தன் தோளையும் காப்பாற்ற எண்ணி, மூத்த உறுப்பினர்களின் சொற்படி மருந்தைக் குறைக்கிறான். குறைந்த இடத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். அந்த ‘எதையாவது’தான் கேள்வி. அதனை இடைநிரப்பு என்று அழைப்போம். நம்மூரில் அதற்குத் தக்கை என்று பெயர். நுணுகிப் பார்த்தால் தக்கை வேறு, இடைநிரப்பு வேறு. வேலை பெரும்பாலும் ஒன்று.

பிரித்தானியப் பேரரசு இந்த வெற்றிடத்தை எப்படி நிரப்பியது என்பது சுவையானது. 1871 இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கியின் தோட்டாவை வூல்விச் இராணுவ ஆய்வுக்கூடத்தின் அதிகாரியான பொக்ஸர் என்பவரின் முறைப்படி செய்தார்கள். 85 கிரெய்ன் மருந்து, அதாவது ஐந்தரை கிராம். அதன் மேல் ஒரு சிட்டிகைப் பஞ்சு. பின்னர் மெருகிட்ட அட்டைத் தட்டுகள், அவற்றினிடையே தேன்மெழுகால் ஆன ஒரு தக்கை. அதற்கும் மேல் கடதாசி சுற்றிய, 480 கிரெய்ன் நிறையுள்ள ஈயக்குண்டு. பஞ்சு வெற்றிடத்தை நிரப்பியது. மெழுகு, கருமருந்து குழலில் விட்டுச் செல்லும் கரிப்படிவை இளக்கியது. அட்டை, மெழுகும் மருந்தும் ஒன்றோடொன்று கலவாமல் தடுத்தது. ஒரு விரல் நீளத்துக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலையும் ஒரு காரணமும் இருந்தன.

இன்றைய பொழுதுபோக்காளர்கள் பயன்படுத்தும் பொருட்களின் பட்டியல் ஒரு பலசரக்குக் கடைச் சிட்டையைப் போல இருக்கிறது. அமெரிக்காவில் காலையுணவுக்குக் கஞ்சி காய்ச்சும் கோதுமை ரவை. சோளமா. பருத்திப் பஞ்சு. இலவம்பஞ்சு. தலையணைக்குள் அடைக்கும் செயற்கைப் பஞ்சு. தக்கைமரத் துண்டு. அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, எதிர்ப்பாளர்களும் உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகக் கூட்டத்தில்கூட அவ்வளவு வாதம் நடந்து நான் கண்டதில்லை.

ரவையின் நன்மை அது மலிவானது, எங்கும் கிடைப்பது, இடத்தைச் சீராக நிரப்புவது. தீமை என்னவெனில் அதற்குப் பாரம் உண்டு. குண்டோடு சேர்த்து அதனையும் மருந்து தள்ள வேண்டும். ஆகவே அழுத்தம் ஏறும். தோட்டா வண்டியில் குலுங்கினால் ரவை மருந்தோடு கலக்கும். இடையில் அட்டை ஒன்று வேண்டும். கழுத்து ஒடுங்கிய கோதில் துகள்கள் இறுகிக் கட்டியாகி, ஒடுங்கிய வாயில் அடைப்பாக நிற்கக் கூடும். மார்ட்டினியின் கோது அத்தகையதே. எனவே அதற்கு நார்ப்பொருளே ஏற்றது என்று வாதிடுவோர் அநேகர். சோளமாவுக்கும் பெரும்பாலும் இதே குணம்தான்.

செயற்கைப் பஞ்சு பாரமற்றது, ஈரம் உறிஞ்சாது. ஆனால் அது சூட்டில் உருகக் கூடியது. உருகியது குழலில் ஒட்டும் என்ற முறைப்பாடு உண்டு. பருத்தி உருகாது, ஆனால் ஈரத்தைக் குடிக்கும். இலவம்பஞ்சு இவையிரண்டுக்கும் இடையில் நிற்பது. அதன் நாரில் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் ஒட்டாது. அதனாலேயே ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளை அதனால் நிரப்பினார்கள். ஆங்கிலத்தில் அதனைக் ‘கபொக்’ என்கிறார்கள். அது மலாய்ச் சொல். எங்கள் வளவுகளில் பங்குனி சித்திரையில் வெடித்துப் பறந்து கிணற்றுக்குள் விழும் பஞ்சை மெல்பேர்ணில் பொதி கட்டி விற்கிறார்களாம். அதற்கும் ஒரு குறை இருக்கிறது. அது எளிதில் தீப்பற்றும். கனன்றபடியே குழலைவிட்டுப் பறந்து காய்ந்த புல்லில் விழுந்தால் தீ மூளும். கோடையில் காடு எரியும் அவுஸ்திரேலியாவில் இது சிறிய விடயமன்று.

ஆக, மருமகனுக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. எல்லா நன்மையும் ஒருங்கே அமைந்த பொருள் எதுவும் இல்லை. துப்பாக்கியைப் பார்த்து, கோதின் வடிவத்தைப் பார்த்து, காலநிலையைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். எதைத் தெரிந்தாலும் அது முடிவு வரைக்கும் இடைவெளியின்றி நிற்க வேண்டும். கழகத்தில் அனுபவம் உள்ளவரின் கண் முன்னால் அன்றி எதனையும் செய்யாதே. கிழவன் ஒருவனின் மின்னஞ்சலை நம்பித் தோட்டா நிரப்பாதே.

‘பெரியவாப்பா என்ன போட்டவர்?’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுத இரண்டு நாட்கள் சென்றன.

வாப்பாவின் மூத்த காக்காவான அவருக்குத் தோப்பூர்ப் பக்கம் வட்டையில் வயல் இருந்தது. பன்றிக் காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்துடன் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றும் இருந்தது. எழுபதுகள் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலம். பாணுக்கு வரிசை, சீலைக்கு வரிசை. கடையில் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. பித்தளைக் கோதுகளைப் பத்திரப்படுத்தி, அவற்றையே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்வார். திண்ணையில் பன்பாய் விரித்து, விளக்கை எட்டத்தில் வைத்து, எங்களையெல்லாம் முற்றத்துக்குத் துரத்திவிட்டுத்தான் அந்த வேலையில் இறங்குவார். நாங்கள் வேலிக் கதியாலுக்குப் பின்னால் நின்று பார்ப்போம்.

மருந்துக்கு மேல் பழைய பெருநாள் வாழ்த்து அட்டையிலிருந்து வட்டமாக வெட்டிய தட்டு. அதன் மேல் தேங்காய்த் தும்பு. ஊறவைத்து அடித்து, சீப்பால் வாரி, வெயிலில் உலர்த்தி, தகரப் பேணியில் அடைத்து வைத்திருந்த தும்பு. அந்தப் பேணியை வெறுங்கையால் தொடுவதற்கு யாருக்கும் அனுமதியில்லை. வியர்வைக் கையால் தொட்டால் தும்பு ஈரம் பிடிக்கும் என்பார். “மகன், மருந்து மனிசனக் கொல்லாது. தக்கைதான் கொல்லும்” என்று அவர் ஒருநாள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பத்து வயதுப் பையனுக்கு அது பெரியவர்களின் விடுகதைகளில் ஒன்றாகவே பட்டது. ரவை போடுவதைப் பற்றி அவர் நினைத்திருக்கவே மாட்டார். அக்காலத்தில் ரவை கிடைத்தால் அது பிள்ளைகளின் வயிற்றுக்குப் போக வேண்டியது.

எண்பதுகளின் நடுவில், யுத்தம் எங்கள் பக்கம் வந்தபோது, துவக்கு வீட்டை விட்டுப் போயிற்று. பேணியும் அதன் பின்னர் எங்கோ போய்விட்டது. அதனோடு சேர்ந்து போனது இரும்பு மட்டுமன்று என்பதை இப்போது உணர்கிறேன். காய்ந்த தும்பு, வெட்டிய அட்டை, எட்டத்தில் விளக்கு என்று ஒரு தலைமுறை கையால் அறிந்திருந்த எச்சரிக்கை முழுவதும் போய்விட்டது.

கொட்டியாரக் குடாவுக்கு மருந்தும் துவக்கும் புதியவை அல்ல. ரொபர்ட் நொக்ஸும் அவனது தந்தையும் கண்டி மன்னனின் ஆட்களால் 1660 இல் சிறைப்பிடிக்கப்பட்டது எங்கள் மூதூரில்தான். எதிர்க்கரையில் திருகோணமலைக் கோட்டையை 1639 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பறித்தனர். 1782 என்ற ஒரே ஆண்டில் ஜனவரியில் ஆங்கிலேயரும் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் மாறி மாறிப் பிடித்தனர். உள்நாட்டுக் கொல்லர்கள் செய்த துவக்குக் குழல்களை லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்துப் பயணி பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வியந்து எழுதியிருக்கிறார். குழல் செய்யவும் நிரப்பவும் தெரிந்த மண் இது.

தோட்டாவுக்குள் எதை வைப்பது என்பது அற்ப விடயம் என்று கருதுவோர் 1857 ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். என்ஃபீல்ட் துப்பாக்கியின் கடதாசித் தோட்டாவில் பூசிய கொழுப்பு பசுவினதா, பன்றியினதா என்ற ஐயம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருசாராரையும் ஒருங்கே கொதிக்க வைத்தது. பெருங்கிளர்ச்சிக்கு வேறு நூறு காரணங்கள் இருந்தன. ஆயினும், தோட்டாவில் என்ன இருக்கிறது என்று கேட்ட சிப்பாய்க்கு அவன் நம்பும்படியான பதில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்பதே தீப்பொறியாயிற்று. பொருளைத் தெரிந்தவர்கள் தூரத்தில் இருந்தார்கள். அதனை வாயால் கடித்துக் கிழிக்க வேண்டியவன் இருட்டில் இருந்தான்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

2012 ஆம் ஆண்டு. யுத்தம் முடிந்து மூன்று வருடங்கள். 2006 ஓகஸ்டில் மூதூரே கந்தளாய்க்குப் பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்தது. சம்பூர்ப் பக்கத்து மக்கள் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. பல வருடங்கள் தரிசாய்க் கிடந்த வயல்கள் பற்றைக்காடாகி, யானைகள் அவற்றைத் தம் பாதையாக்கிக் கொண்டிருந்தன. பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தில் நின்ற ஓர் இரவில், காவல் பரணில் இருந்த ஒரு தமிழ் இளைஞரின் கையில் துவக்கு வெடித்தது. தண்ணீர்க் குழாயையோ வேறெதையோ கொண்டு உள்ளூரில் செய்த இடியன் துவக்கு. வாய்வழியே மருந்தும் தக்கையும் இட்டு, கம்பியால் இடித்து இறுக்குவதால் அதற்கு அப்பெயர். இடது கையின் மூன்று விரல்கள் போயின.

நான் வைத்தியசாலைக்குச் சென்றேன். நான்கு வரிச் செய்தி எழுதினேன். ‘அனுமதிப்பத்திரமற்ற நாட்டுத் துவக்கு வெடித்ததில் விவசாயி ஒருவர் படுகாயமடைந்தார். அளவுக்கு அதிகமான வெடிமருந்து இடப்பட்டமையே காரணம் எனத் தெரிவிக்கப்படுகிறது.’ யார் தெரிவித்தார்? வாட்டுக் கதவடியில் நின்ற ஒருவர் சொன்னார், மற்றவர் தலையாட்டினார், நான் எழுதினேன். ‘தெரிவிக்கப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினைக்குப் பின்னால் எத்தனை பேரின் சோம்பல் ஒளிந்திருக்கிறது என்பதைப் பத்திரிகைக்காரர்கள் அறிவார்கள். ஏன் வெடித்தது என்று அந்த இளைஞரிடம் நான் கேட்கவில்லை.

மருமகனின் மின்னஞ்சலுக்காக வாசித்துக்கொண்டிருந்த இரவில் அந்த இளைஞர் நினைவுக்கு வந்தார். இலக்கம் தேடிப் பிடித்து, மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது அவருக்கு நாற்பதை எட்டும் வயது. மூன்று பிள்ளைகள். சுகம் விசாரித்த பின்னர் கேட்டேன்.

“தம்பி, அண்டைக்குத் தக்கை முழுக்க உள்ளுக்குப் போனதா?”

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். “இல்ல நானா. தும்பு பனியில நனைஞ்சு போய்க் கிடந்தது. பாதிக் குழலுக்கு மேல இறங்கயில்ல, இறுகி நிண்டுட்டுது. கம்பியால குத்திப் பாத்தன். அதுக்குள்ள யானை வரம்புக்கு வந்துட்டுது. அப்பிடியே பிடிச்சுட்டன்.”

மருந்து அடியில். தக்கை நடுவில். இரண்டுக்கும் இடையே வெற்றிடம். மெல்பேர்ண் கழகத்தில் முதல் நாளே புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. எங்கள் பரணில் அதைச் சொல்லிக் கொடுக்க எவரும் இருக்கவில்லை. பழுதான இரும்பு என்பதும் காரணம்தான். ஆனால், பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாக அந்த மனிதர் ‘அளவு தெரியாமல் மருந்தைக் கொட்டியவன்’ என்ற பேச்சைச் சுமந்து திரிந்திருக்கிறார். அந்தப் பேச்சுக்கு அச்சில் அத்தாட்சி கொடுத்தவன் நான்.

“அப்ப நான் மருந்து கூடப் போடயில்ல எண்டு உங்களுக்கு விளங்குதா நானா?” என்று கேட்டார். விளங்குகிறது என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கவில்லை.

இனி, இதை ஏன் பொதுவில் எழுதுகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டா நிரப்பும் கலையை ஊருக்குப் பரப்புவது என் நோக்கமன்று. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. அனுமதியின்றி துவக்கையோ மருந்தையோ வைத்திருப்பது குற்றம். அது சரியானதே. நாட்டுத் துவக்கை எந்தப் பொருளால் நிரப்பினாலும் அது பாதுகாப்பாகிவிடாது. யுத்தத்தில் எஞ்சிய வெடிபொருளைப் பிரித்தெடுத்து அதற்குள் இடுவது தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வதற்கு ஒப்பானது. கருமருந்துக்குரிய குழலில் புகையில்லா மருந்தை இட்டால் எந்தத் தக்கையும் காப்பாற்றாது. இதை வாசிக்கும் விவசாயி எவராயினும் அவருக்கு என் முதல் வேண்டுகோள், தொடாதீர்கள் என்பதுதான்.

ஆனால் ‘தொடாதே’ என்ற ஒற்றைச் சொல்லோடு அரசு தன் கடமை முடிந்ததாக எண்ணுவதுதான் என் மறுப்பு. தொடுகிறார்கள். கட்டுத்துவக்கு வெடித்து வழிப்போக்கர் பலி, விறகெடுக்கப் போனவரின் கால் போயிற்று என்ற செய்திகள் வருடம் தவறாமல் வருகின்றன. இடியனாவது அதைப் பிடித்திருப்பவனின் கண் முன்னே வெடிக்கிறது. கட்டுத்துவக்கோ மிருகத்துக்கும் மனிதனுக்கும் வேறுபாடு அறியாதது. அதனை எந்த நியாயத்தாலும் பாதுகாக்க முடியாது. மறுபுறத்தில், 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 450 க்கும் மேற்பட்ட யானைகளும் 150 க்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டுபோயினர். யானைகளின் மரணத்துக்கான பிரதான காரணங்களில் துப்பாக்கிச் சூடும், ‘ஹக்கபட்டாஸ்’ எனப்படும் வாய்வெடியும் முன்னணியில் நிற்கின்றன. மருந்து எங்கும் இருக்கிறது. அறிவுதான் எங்கும் இல்லை.

என் கருத்துக்கள் மூன்று.

முதலாவது, அனுமதிப்பத்திரம் பற்றியது. பயிர்க் காவலுக்கென்று சட்டபூர்வமாகத் துவக்கு வைத்திருப்போர் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கிறார்கள். நான் கண்டவரை அந்நாளில் பார்க்கப்படுவது இலக்கமும் கடதாசியும்தான். குழலின் உட்சுவர் எப்படி இருக்கிறது, துரு எவ்வளவு தின்றிருக்கிறது, கோதுகள் எத்தனை தடவை பயன்பட்டவை, உரிமையாளர் எதை நிரப்புகிறார் என்று எவரும் கேட்பதில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் புகைப் பரிசோதனை கேட்கும் நாட்டில், துவக்குக்கு ஒரு குழற் பரிசோதனை கேட்பது மிகையாகாது. அரை நாள் பயிற்சியும் அதனோடு சேர வேண்டும். தரமான தோட்டா நியாய விலையில் கிடைக்கச் செய்வதும் அதனோடு சேர்ந்ததே. கடைத் தோட்டா கைக்கெட்டும் விலையில் இருந்தால் திண்ணையில் விளக்கை எட்டத்தில் வைத்துக்கொண்டு உட்கார எவருக்கும் தேவை வராது.

இரண்டாவது, இடியனை ஒப்படைக்கும் மனிதனுக்கு மாற்று வழி ஒன்று வேண்டும். பொதுமன்னிப்புக் காலம் அறிவித்து ஆயுதங்களைப் பெறுவது நல்லது. ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு பரணுக்குத் திரும்புபவனின் வேளாண்மையை எது காக்கும்? கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இல் தயாரித்த தேசியச் செயற்றிட்டம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. காட்டின் ஓரத்தில் அன்றி, கிராமத்தையும் வயலையும் சுற்றி மின்வேலி இடுவது. வயல் வேலியை விதைப்போடு போட்டு, அறுவடையோடு கழற்றுவது. அதனை விவசாயிகளே பராமரிப்பது. கோட்பாட்டில் குறையில்லை. நான் வேண்டுவது, அது எங்கள் வட்டைகளுக்கும் முழுதாக வந்து சேர வேண்டும் என்பதே.

மூன்றாவது என் தொழிலைச் சார்ந்தது, ஆகவே அதைச் சற்று உரத்துச் சொல்கிறேன். ‘துவக்கு வெடித்து ஒருவர் காயம்’ என்று எழுதும் நிருபர்களே, ஏன் வெடித்தது என்று கேளுங்கள். காயம்பட்டவரிடமே கேளுங்கள். வாட்டுக் கதவடியில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். துவக்கு தானாக வெடிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலும் அது ஒரு விரற்கடை அளவுள்ள, விளங்கிக்கொள்ளக் கூடிய காரணம். அதை எழுதியிருந்தால் அடுத்த பரணில் இருப்பவன் வாசித்திருப்பான். அவனது விரல்களாவது மிஞ்சியிருக்கும். விதியென்று எழுதும்போது நாம் எவரையும் காப்பாற்றுவதில்லை.

இப்படியெல்லாம் வெளிப்படையாக எழுதுவது, அறியாதவனுக்கும் ஆசையைத் தூண்டாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது: அறியாதவன் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறான். தும்பு ஈரமானால் என்னவாகும் என்று தெரிந்துகொண்டவன் அதிகம் பயப்படுவான். பயந்தவன் பரணைவிட்டு இறங்கி விலகிப் போவான். பெரியவாப்பா வாழ்நாள் முழுவதும் பயந்துகொண்டேதான் அந்தப் பேணியைத் திறந்தார். பத்து விரல்களோடுதான் மையவாடிக்குப் போனார்.

சென்ற வெள்ளிக்கிழமை அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் வந்தேன். 2012 இன் பத்திரிகை நறுக்கை அவர் இன்னும் வைத்திருந்தார். மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. அதன் கீழே என் கையால், ‘காரணம்: நனைந்த தும்பு, பாதியில் நின்ற தக்கை. மருந்தின் அளவன்று’ என்று எழிதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். பதின்மூன்று வருடம் பிந்திய திருத்தம். பத்திரிகையில் திருத்தங்களை மூலையில், சிறிய எழுத்தில் போடுவோம். அவர் அதை வாசித்துவிட்டு, வலது கையால் மடித்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த உறைக்குள் வைத்தார்.